நாலாம் நம்பர் இல்லாத பெட்டி

சூயின்: ...கட் பண்ணிராதீங்கண்ணே. நான்தான், சூயின். பினாங்கு ஸ்டூடியோவுல இருந்து பேசறேன்.

கிளமென்ட்: பேரு தெரியுது லா. மூணு மாசமா ‘இருக்கியா, செத்தியா’ன்னு ஒரு வார்த்த இல்ல. இன்னிக்கு என்னடான்னா அஞ்சு நிமிஷத்துல ஏழு மிஸ்டு கால். கூச்சிங்ல இங்க ஒரு சாப்பாட்டுக் கடையில உக்காந்திருக்கேன், மழை ஊத்துது, வாய் நெறைய கோலோ மீ நூடுல்ஸ்... இரு, முழுங்கிக்கறேன். ம். யாருக்கு என்ன?

சூயின்: சர்வருக்கு.

கிளமென்ட்: மெதுவா சொல்லு. என்ன பண்ணுது?

சூயின்: ஒண்ணுமே பண்ணல, அதான் பிரச்சன. பதினாலு பேரு கம்ப்யூட்டரும் அப்படியே ஒறைஞ்சு நிக்குது. படம் தொறக்கல. ஃபோல்டர்கூட தொறக்கல. ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிரட்டுமா? பட்டன் மேலதான் விரல் இருக்கு...

கிளமென்ட்: விரல எடு.

சூயின்: சும்மா ஒரே தடவ...

கிளமென்ட்: விரல எடு சூயின். எடுத்துட்டியா?

சூயின்: எடுத்தாச்சு.

கிளமென்ட்: ரெண்டு கையையும் பாக்கெட்டுல போடு.

சூயின்: பாவாடை போட்டிருக்கேன். பாக்கெட் இல்ல.

கிளமென்ட்: அப்ப இடுப்புல வையி. என்ன படம்? நம்ம நீர்நாய்ப் படமா? முடிச்சிட்டீங்களா?

சூயின்: நேத்துதான் முடிஞ்சுது. எல்லாத்தையும் கோத்து ஒரே ஃபைலா ஆக்கியாச்சு. இன்னிக்கு மூணு மணிக்குக் கோலாலம்பூர்ல இருந்து தியேட்டர்க்காரங்க வர்றாங்க, பாக்கறதுக்கு. இன்னிக்குக் காட்டலன்னா பள்ளிக்கூட லீவுக்கு நமக்கு ஒதுக்குன தேதிய வேற படத்துக்குக் குடுத்துருவாங்களாம். அதுக்கப்புறம் யாரு நம்மளக் கூப்பிடப் போறா? நாலு வருஷ வேலண்ணே.

கிளமென்ட்: இப்ப மணி பதினொண்ணே முக்கால். படம் வேற எங்கயாச்சும் காப்பி இருக்கா?

சூயின்: இல்லண்ணே.

கிளமென்ட்: ம். கேட்டது என் தப்பு. காப்பி வைக்க ரெண்டாவது மிஷின் வாங்கித் தாங்கன்னு கேட்டுத்தானே அன்னிக்கு எனக்கு அர்ச்சன நடந்துச்சு. எங்க உங்க முதலாளி, அந்தத் தியோ தவுக்கே?

சூயின்: தவுக்கே... ஏர்போர்ட்டுக்குப் போயிருக்காரு. விருந்தாளிங்களக் கூட்டியார.

கிளமென்ட்: அவருக்கு விஷயம் தெரியுமா?

சூயின்: ஏர்போர்ட்ல இருக்கறவருக்கு எப்படித் தெரியும்?

கிளமென்ட்: அதுவும் நல்லதுதான். அவரு பக்கத்துல நின்னா எனக்கு வேலையே ஓடாது. ...யாரு இருமுறா?

சூயின்: ஏர்கான். அந்தப் பழைய ஏசி.

கிளமென்ட்: நான் இருந்தப்ப இருமாதே அது.

சூயின்: நீங்க போனதுல இருந்து சர்வீஸ் பண்ணல.

கிளமென்ட்: எதிரொலி வேற கேக்குது. ஸ்பீக்கர்லயா போட்டிருக்க?

சூயின்: எனக்கு ரெண்டு கையும் வேணாமா? சர்வர் ரூம்ல நான் மட்டும்தான் இருக்கேன். கேளுங்க, என்ன செய்யணும்?

கிளமென்ட்: முதல்ல மூச்சு வாங்கு. எட்டு டிஸ்க், ஒரே குளம்னு சொல்லிக் குடுத்தேனே, ஞாபகம் இருக்கா?

சூயின்: இருக்கு. எட்டும் சேந்துதான் ஒரு குளம். ஃபைல் எல்லாம் எட்டுலயும் பிரிஞ்சு கெடக்கும். ஒரு டிஸ்க் செத்தா மத்த ஏழும் தாங்கும். ரெண்டு செத்தா...

கிளமென்ட்: செத்தா?

சூயின்: மீன் எல்லாம் கருவாடு.

கிளமென்ட்: அதேதான். இப்ப ஸ்கிரீனப் பாரு. நம்ம குளத்துப் பேருக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்கு?

சூயின்: ‘சஸ்பெண்டட்’. செவப்புல.

கிளமென்ட்: ஓஹோ. அப்ப ரெண்டு போயிருக்கு. காலையில செத்தது ஒண்ணு. இன்னொண்ணுக்கு என்ன ஆச்சு?

சூயின்: காலையில ஒண்ணு செத்துச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?

கிளமென்ட்: ...யாரும் சொல்லல. ஒரு யூகம். கத சொல்லாம விஷயத்துக்கு வா.

சூயின்: ‘டிஸ்க் அஞ்சு பழுது’ன்னு காலையில ஸ்கிரீன்ல வந்துச்சு. சரி, விருந்தாளிங்க வர்றதுக்குள்ள மாத்திருவோம்னு அஞ்ச உருவி வெளிய எடுத்து... எடுத்து ஒரு நிமிஷம்கூட ஆகல, வெளிய எல்லாரும் கத்த ஆரம்பிச்சுட்டாங்க.

கிளமென்ட்: யாரு உருவுனது?

சூயின்: நான்தான்.

கிளமென்ட்: நீ?

சூயின்: நான்தான்னு சொல்றேன்ல. திட்டறதா இருந்தா அப்புறமா மொத்தமா திட்டுங்க.

கிளமென்ட்: உருவுன டிஸ்க் இப்ப எங்க?

சூயின்: கையில.

கிளமென்ட்: எந்தக் கையில? ரெண்டு கையும் இடுப்புல இருக்கே.

சூயின்: ...மேசை மேல. மேசை மேல இருக்கு. கையில இருந்துச்சு, வச்சுட்டேன்.

கிளமென்ட்: குலுக்காத, தட்டாத. பச்சப் புள்ளைய வச்ச மாதிரி அப்படியே கெடக்கட்டும். இப்ப ஸ்கிரீன்ல எட்டு டிஸ்க்கும் வரிசையா இருக்கும். ஒண்ணு ஒண்ணா படி.

சூயின்: ஒண்ணு ‘ஆன்லைன்’. ரெண்டு ஆன்லைன். மூணு ஆன்லைன். நாலு, ‘ரிமூவ்ட்’. அஞ்சு, ‘ஃபால்டட்’. ஆறு, ஏழு, எட்டு... எல்லாம் ஆன்லைன்.

கிளமென்ட்: நாலுல இருந்து திரும்பப் படி.

சூயின்: நாலக் காணோம்னு சொல்லுது. அஞ்சு பழுதுன்னு சொல்லுது. ஆனா அண்ணே... நம்ம பெட்டியில நாலே கெடயாதே.

கிளமென்ட்: பெட்டியோட மூஞ்சியப் பாரு. டிஸ்க்குக்கு மேல ஒட்டியிருக்கற நம்பர இடதுல இருந்து படி.

சூயின்: ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, ஒம்போது.

கிளமென்ட்: மொத்தம் எத்தன டிஸ்க்?

சூயின்: எட்டு.

கிளமென்ட்: எட்டு டிஸ்க்குக்கு ஒம்போதாம் நம்பர் எங்க இருந்து வந்துச்சு?

சூயின்: ...ஐயோ.

கிளமென்ட்: மிஷினுக்கு சகுனம் கிகுனம் எல்லாம் தெரியாது. அது ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு ஒழுங்காத்தான் எண்ணும். அது அஞ்சுன்னு சொன்னா நம்ம ஸ்டிக்கர்ல அது ஆறு. வெளிய எடுத்தது ஸ்டிக்கர் அஞ்சு, மிஷினுக்கு அது நாலு. உயிரோட இருந்தவனப் பாடையில ஏத்தியாச்சு. பொணம் உள்ளயே உக்காந்திருக்கு.

சூயின்: அப்ப இந்தக் கையில... மேசையில இருக்கறது நல்ல டிஸ்க்கா?

கிளமென்ட்: நல்ல டிஸ்க். நல்லது நல்லது, இன்னொரு தடவ சொல்றேன், ரொம்ப நல்லது. அது செத்திருந்தா நான் இந்நேரம் போன வச்சிட்டு அழுதிருப்பேன். உசுரோட இருக்கறதத் திருப்பி உள்ள வச்சுரலாம். உன் நீர்நாய் பொழைக்கறதுக்கு வழி இருக்கு.

சூயின்: அப்ப இப்பவே உள்ள வச்சிரட்டுமா?

கிளமென்ட்: இரு, அவசரப்படாத. அப்பவே சொன்னேன் உங்க தவுக்கேகிட்ட. நாலுன்னா உங்க சீனப் பேச்சுல சாவுன்னு கேக்கும், புரியுது, மாடிக்கு வேணாம், போன் நம்பருக்கு வேணாம். டிஸ்க்குக்கு என்னத்துக்கு? சரி, மாடிக்கு எழுதற மாதிரி ‘மூணு ஏ’ன்னாவது எழுதறேன், எண்ணிக்க மாறாதுன்னேன். அதுக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுமா? ‘வேஷம் போட்டாலும் நாலு நாலுதான். தூக்கிரு.’

சூயின்: அண்ணே, அதெல்லாம் இப்ப எதுக்கு...

கிளமென்ட்: நாலு வருஷம் படம் எடுத்துட்டு, கேட்டா ‘மூணு வருஷத்துக்கு மேல’ன்னு சொல்றவரு.

சூயின்: அண்ணே, விடுங்களேன். நேரம் போகுது.

கிளமென்ட்: பயப்படாத லா, ஏர்போர்ட் வரைக்கும் கேக்காது. சரி, டிஸ்க்க எடு. எந்த ஓட்டையில இருந்து எடுத்தியோ அதே ஓட்டை. ஸ்டிக்கர் அஞ்சு. வெளிச்சம் இருக்கா அங்க?

சூயின்: லைட்டு எரிஞ்சு போயி மூணு வாரம் ஆச்சு. டார்ச் அடிச்சுதான் பாக்கறேன்.

கிளமென்ட்: டிஸ்க்கப் புடிக்க ரெண்டு கை வேணும். டார்ச் எங்க வச்சிருக்க?

சூயின்: வாயில கவ்விட்டிருக்கேன்.

கிளமென்ட்: வாயில டார்ச்ச வச்சிட்டா என்கிட்ட பேசற?

சூயின்: ...ஷெல்ஃப்ல சாய்ச்சு வச்சிருக்கேன். இப்ப என்ன, தள்ளட்டுமா?

கிளமென்ட்: நேராப் புடி. மெதுவா. உள்ள போற வரைக்கும் தள்ளு, கடைசில அந்தப் புடிய மடக்கு.

சூயின்: போகுது... போகுது... மடக்கியாச்சு.

கிளமென்ட்: இப்ப காத வச்சுக் கேளு. சுத்துதா?

சூயின்: சத்தம் வரல.

கிளமென்ட்: ஸ்கிரீன்?

சூயின்: இன்னும் ‘ரிமூவ்ட்’டுன்னுதான் இருக்கு. அண்ணே, செத்துப் போச்சா? ஒரு தடவ லேசா இடிபட்டுச்சு, சொல்லல நான்...

கிளமென்ட்: எவ்ளோ லேசா?

சூயின்: மேசை மேல வைக்கறப்ப. கொஞ்சம் ‘டொக்’குன்னு.

கிளமென்ட்: சாமி... சரி. பதறாத. மடக்குறப்ப ‘டக்’குன்னு ஒரு சத்தம் வந்துச்சா?

சூயின்: இல்ல.

கிளமென்ட்: அப்ப அது உக்காரவே இல்ல. புடிய விரி. ஒரு இஞ்சு வெளிய இழு. கட்டவிரல நடுவுல வச்சு, பெரிய மனுஷன் கதவத் தள்ற மாதிரித் தள்ளு. பயந்து பயந்து தள்ளாத.

சூயின்: ...

கிளமென்ட்: சூயின்?

சூயின்: ‘டக்’.

கிளமென்ட்: எனக்கே கேட்டுச்சு.

சூயின்: சுத்துது அண்ணே, சுத்துது. பச்ச விளக்கு. ஸ்கிரீன்ல... நாலு, ஆன்லைன். நாலு ஆன்லைன் அண்ணே.

கிளமென்ட்: யாரு அங்க கை தட்டுறது?

சூயின்: நான்தான். சந்தோஷத்துல.

கிளமென்ட்: எத்தன கை உனக்கு? சரி சரி, இன்னும் முடியல. குளம் இன்னும் முறுக்கிக்கிட்டுத்தான் நிக்கும். நடந்தது நடந்துபோச்சு, வான்னு நாம கூப்பிடணும். ‘கிளியர்’னு அடி, ஒரு இடம் விட்டு குளத்தோட பேரு. எழுத்துப் பிழை வேணாம்.

சூயின்: அடிச்சாச்சு. என்டர் தட்டட்டுமா?

கிளமென்ட்: இரு. ...ம், தட்டு.

சூயின்: ஒண்ணும் வரல. கோடு மட்டும் மின்னிக்கிட்டு நிக்குது.

கிளமென்ட்: நிக்கட்டும். அது யோசிக்குது.

சூயின்: இன்னும் நிக்குது.

கிளமென்ட்: எதையும் தொடாத. ஆன்ட்டி, அந்தத் தட்ட எடுக்காதீங்க, நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல. ...சொல்லு.

சூயின்: வந்துருச்சு. சஸ்பெண்டட் போயி... ‘டிகிரேடட்’னு வந்திருக்கு. மஞ்சள்ல. டிகிரேடட்னா கெட்டதாச்சே.

கிளமென்ட்: மத்த நாளுல கெட்டது. இன்னிக்கு இதவிட நல்ல வார்த்த எந்த பாஷையிலயும் கெடயாது. நொண்டுது, ஆனா நடக்குது. ஏழு காலுல நடக்குது. வெளிய போயிப் பாரு, ஃபோல்டர் தொறக்குதான்னு.

சூயின்: தொறக்குதாம். எல்லாருக்கும் தொறக்குது.

கிளமென்ட்: போகவே இல்லையே நீ.

சூயின்: கதவு தொறந்திருக்கு, இங்க இருந்தே கேக்குது. அண்ணே, ஸ்கிரீன்ல கீழ இன்னொண்ணு எழுதியிருக்கு. ‘ஒரு ஃபைல் நிரந்தரமா கெட்டுப்போச்சு’ன்னு.

கிளமென்ட்: ...எந்த ஃபைல்?

சூயின்: பேரு கீழ இருக்கு. தள்ளிப் பாக்கணும். எனக்குப் பயமா இருக்கு.

கிளமென்ட்: பாரு.

சூயின்: படமா இருந்துச்சுன்னா?

கிளமென்ட்: படமா இருந்துச்சுன்னா பயந்தா மட்டும் சரியாயிருமா? பாரு சூயின்.

சூயின்: தள்ளறேன், தள்ளறேன்.

கிளமென்ட்: என்னன்னு சொல்லேன், எனக்கு நெஞ்சு அடிக்குது.

சூயின்: ‘வெள்ளிக்கிழமச் சாப்பாடு’.

கிளமென்ட்: என்னது?

சூயின்: மத்தியானத்துக்கு யாருக்கு என்ன தப்பாவ், கடையில இருந்து பார்சல் வாங்கணும்னு எல்லாரும் எழுதி வைக்கற லிஸ்ட்டு. அது நின்ன நேரத்துல யாரோ அதத்தான் எழுதிக்கிட்டு இருந்திருக்காங்க.

கிளமென்ட்: அவ்வளவுதானா?

சூயின்: அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல.

கிளமென்ட்: சிரிக்கவா அழவான்னு தெரியல எனக்கு. போகட்டும், ஒரு நாளைக்கு எல்லாருக்கும் ஒரே சோறு. இப்பக் கேளு, இதுதான் முக்கியம். செத்த டிஸ்க்க மாத்தணும்னு உனக்குக் கை ஊறும். மாத்தாத. இப்ப இன்னும் ஒண்ணு உசுர விட்டுச்சுன்னா நானும் இல்ல, கடவுளும் இல்ல. முதல்ல படத்த வெளிய எடு. தனி டிஸ்க் ஏதாச்சும் இருக்கா?

சூயின்: என் சொந்த டிஸ்க் இருக்கு. அதுல என் தங்கச்சி கல்யாணப் போட்டோ.

கிளமென்ட்: கல்யாணம் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும். காப்பி போடு. எவ்ளோ நேரம்னு சொல்லுது?

சூயின்: முப்பத்தஞ்சு நிமிஷம்.

கிளமென்ட்: ஃப்ளைட்டு எப்ப எறங்குது?

சூயின்: ஒண்ணே முக்காலுக்கு. தாராளமா நேரம் இருக்கு. ...அண்ணே, வச்சிராதீங்க. இது முடியற வரைக்கும் பேசிக்கிட்டிருங்க.

கிளமென்ட்: வைக்கல. எனக்கும் வைக்கத் தோணல. இங்க காலேஜுல வேல, மாணவங்க பாஸ்வேர்ட மறந்துட்டு வருவாங்க, நான் மாத்திக் குடுப்பேன். ஆறு மாசத்துல ஒரு தடவகூட இப்படி நெஞ்சு அடிச்சதில்ல.

சூயின்: மூணு மாசம்தானே ஆச்சு.

கிளமென்ட்: இங்க ஒவ்வொரு மாசமும் ரெண்டு மாசம்.

சூயின்: ஒண்ணு கேக்கவா? காலையில ஒரு டிஸ்க் செத்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? யூகம்னு எல்லாம் சொல்லக்கூடாது.

கிளமென்ட்: ...சர்வரு சொல்லுச்சு.

சூயின்: புரியல.

கிளமென்ட்: பெட்டிக்கு ஏதாச்சும்னா மெயில் அனுப்பற எடத்துல என் பேரத்தானே போட்டு வச்சிருந்தேன். நான் போனதுக்கப்புறம் யாரும் மாத்தல. அது இன்னமும் எனக்குத்தான் எழுதுது. காலையில ஒம்போது பத்துக்கு, ‘அஞ்சாம் டிஸ்க் போயிருச்சு’ன்னு வந்துச்சு. பதினொண்ணு இருபதுக்கு, ‘குளம் நின்னுருச்சு’ன்னு வந்துச்சு. அதுல இருந்து இந்தக் கடையில போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். மீ ஆறி ஒரு மணி நேரமாச்சு.

சூயின்: அப்ப ஏழு மிஸ்டு கால்?

கிளமென்ட்: அதுவா... எடுக்கணும்னு கை போகும். வீம்பு இழுத்துப் புடிக்கும்.

சூயின்: ஒம்போது பத்துக்கே ஒரு போன் போட்டிருக்கலாம்லண்ணே.

கிளமென்ட்: போட்டு? ‘உன்னை யாரு கேட்டா’ன்னு வாங்கிக் கட்டிக்கறதுக்கா? எல்லாரும் நிக்கறப்ப சொன்னாரே, மறந்துட்டியா? ‘டிஸ்க்க உருவுறது, சொருகுறது. இதுக்கு ஒரு ஆளு, அந்த ஆளுக்கு ஒரு சம்பளம். காத்தாடிக்கு ரெக்க மாட்டற மாதிரி வேல.’ அதே குரல்ல சொல்லட்டுமா? மூக்குல இருந்து வரும் அந்தக் குரல். ‘காத்தாஆடிக்கு...’

சூயின்: வேணாண்ணே. கெஞ்சிக் கேக்கறேன், வேணாம்.

கிளமென்ட்: நீ ஏன் இப்படிப் பதறுற? சரி, பண்ணல. சிரிச்சிக்கிட்டே சொல்றேனே தவிர, அன்னிக்கு ரொம்ப வலிச்சுது சூயின். வேலை போனதுகூட இல்ல, நானாத்தானே போனேன். பதினாலு பேரும் குனிஞ்சு நின்னீங்களே, அது. உங்களக் குத்தம் சொல்லல. நானா இருந்தாலும் குனிஞ்சுதான் நின்னிருப்பேன்.

சூயின்: எங்களுக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு. அதனாலதான் போன் பண்ண மூஞ்சி இல்ல.

கிளமென்ட்: ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழம, ‘எட்டும் நலம்’னு ஒரு மெயில் வரும். நிறுத்திப் போட்டிருக்கலாம். போடல. அதப் படிச்சிட்டு, அப்பாடா, புள்ளைங்க வேல பத்திரமா இருக்குன்னு நெனச்சுப்பேன். சம்பளம் இல்லாத காவக்காரன்.

சூயின்: ...

கிளமென்ட்: அழறியா?

சூயின்: நான் அழல.

கிளமென்ட்: மூக்குறிஞ்சுற சத்தம் கேட்டுச்சே.

சூயின்: அது... ஏர்கான்.

கிளமென்ட்: அந்த ஏர்கானுக்கு ஒரு டாக்டரப் பாரு. காப்பி எவ்ளோ ஆச்சு?

சூயின்: பேசிக்கிட்டே பாதிக்கு மேல வந்துருச்சு. அறுபத்தெட்டு சதம். ...எண்பது. அண்ணே, ஓடுது, நல்லா ஓடுது.

கிளமென்ட்: நூறு ஆகற வரைக்கும் அத மொறச்சுப் பாத்துக்கிட்டே இரு. மொறச்சாதான் ஓடும்.

சூயின்: தொண்ணூத்தஞ்சு. தொண்ணூத்தெட்டு. ...முடிஞ்சுது. போட்டுப் பாக்கறேன். வருதுண்ணே, படம் வருது. நீர்நாய் தண்ணியில குதிக்குது.

கிளமென்ட்: நடுவுல தள்ளிப் பாரு. கடைசியிலயும் பாரு.

சூயின்: எல்லா எடத்துலயும் ஓடுது. கடைசிப் பேரு வரைக்கும் ஓடுது.

கிளமென்ட்: அந்தத் தனி டிஸ்க்கக் கழட்டி உன் பையில போட்டு, பைய மடியில வச்சுக்கோ. இனிமே இந்தப் பெட்டியே தீப்புடிச்சாலும் மூணு மணிக்குப் படம் உண்டு. அப்பா... இப்பதான் எனக்கு மூச்சு வருது. சரி, இப்ப பொணத்த எடுப்போம். புது டிஸ்க் ஒண்ணு நான் வாங்கி வச்சிட்டுத்தான் வந்தேன். ஸ்டோர் ரூம்ல, ரெண்டாவது தட்டு, பழைய பிஸ்கட் டின்னுக்குள்ள.

சூயின்: பிஸ்கட் டின்னுலயா?

கிளமென்ட்: மேசையில வச்சா எவனாவது வீட்டுக்குக் கொண்டுபோயி சினிமா ஏத்துவான். போயி எடுத்துட்டு வா, நான் காத்திருக்கேன்.

சூயின்: இந்தா, வந்துருச்சு.

கிளமென்ட்: அதுக்குள்ளயா? மாடி ஏறி எறங்கணுமே.

சூயின்: ஓடினேன்.

கிளமென்ட்: மூச்சே வாங்கல உனக்கு.

சூயின்: அண்ணே, புது டிஸ்க் கையில இருக்கு. அடுத்து என்ன?

கிளமென்ட்: அடுத்து, ஸ்டிக்கர மறந்துரு. ஸ்கிரீன்ல பழுதான டிஸ்க்குக்கு நேரா ஒரு நீள நம்பர் இருக்கும். அதோட வால மட்டும் படி.

சூயின்: ஏழு, நாலு, நாலு, பி.

கிளமென்ட்: ரெண்டு நாலு. தவுக்கேகிட்ட சொல்லிராத, அப்புறம் நம்பர் பாத்து, ஜாதகம் பாத்துத்தான் டிஸ்க் வாங்குவாரு. இப்ப அந்த டிஸ்க்கோட விளக்க மட்டும் சிமிட்டச் சொல்லி நான் சொல்றத அடி... அடிச்சுட்டியா? எது சிமிட்டுது?

சூயின்: ஸ்டிக்கர் ஆறு.

கிளமென்ட்: அதேதான். இழு. முழுசா எடுக்காம பாதி இழுத்து, நெத்தியில இருக்கற நம்பரப் பாரு.

சூயின்: ஏழு, நாலு, நாலு, பி. அதேதான், சரியா இருக்கு.

கிளமென்ட்: இப்ப எடுத்துரு. புதுச வை. பெரிய மனுஷன் கதவத் தள்ற மாதிரி.

சூயின்: ‘டக்’.

கிளமென்ட்: நல்ல புள்ள. ‘ரீபிளேஸ்’னு அடி, குளத்துப் பேரு, பழைய நம்பரு, புது நம்பரு. பாத்து. ரெண்டு தடவ படிச்சிட்டு என்டர்.

சூயின்: ரெண்டு இல்ல, மூணு தடவ படிச்சேன். தட்டியாச்சு. ...புள்ளி மூணு சதம்னு ஏறுது. பத்தொம்போது மணி நேரம் ஆகும்னு சொல்லுது.

கிளமென்ட்: ஆகட்டும். மத்த ஏழும் சேந்து புதுசுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குதுங்க. நாளைக்குக் காலையில எட்டும் பச்சையா இருக்கும். யாரும் அந்த ரூமுக்குள்ள கால் வைக்காம இருந்தாப் போதும்.

சூயின்: அண்ணே... எப்படிச் சொல்றதுன்னே தெரியல. எங்க நாலு வருஷத்தத் திருப்பிக் குடுத்துட்டீங்க.

கிளமென்ட்: சொல்ல வேணாம். ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லு. நிஜமா நீதான் அந்த டிஸ்க்க உருவுனியா?

சூயின்: அதான் அப்பவே சொல்லிட்டேனே.

கிளமென்ட்: சொன்ன. ஆனா என்டர் தட்டறதுக்கே மூணு தடவ படிக்கறவ நீ. ஸ்டிக்கர நம்பாத, நெத்தி நம்பரப் பாருன்னு உனக்குத்தான் நான் முதல்ல சொல்லிக் குடுத்தேன். நீ போயி ஸ்டிக்கரப் பாத்து உருவுனன்னா, எங்க ஊரு ஆத்துல இருக்கற முதலை சைவம்னு சொல்ற மாதிரி. யாரையோ காப்பாத்தற.

சூயின்: அண்ணே, போதும்.

கிளமென்ட்: சரி, நோண்டல. காப்பாத்து, நல்ல குணம்தான். தவுக்கே வந்தா நான் பேசுனேன்னு மட்டும் சொல்லிராத. மிஷின் கம்பெனியில இருந்து எவனோ பேசுனான்னு சொல்லிரு. நான் வைக்கறேன், இந்த மீய இன்னொரு தட்டு சூடா...

தியோ: வைக்காத கிளமென்ட். தியோ பேசறேன். ஏர்போர்ட்டுக்கு டிரைவர்தான் போயிருக்கான். நான் இங்க இருக்கேன்னு தெரிஞ்சா நீ வச்சிருவன்னு பயந்து, முதல்ல இருந்து டார்ச்சப் புடிச்சிக்கிட்டு வாயத் தொறக்காம நிக்கறேன். மத்த எல்லாரும் வாசல்லதான் நிக்கறாங்க, நீ பேசுனது அம்புட்டையும் கேட்டாச்சு. அன்னிக்கு உன்னை இவங்க முன்னாடிதானே பேசுனேன், இதையும் இவங்க முன்னாடியே சொல்லிர்றேன். அந்தப் பொண்ணு, தொடாதீங்க தவுக்கே, தொடாதீங்கன்னு ரெண்டு தடவ சொல்லுச்சு. உருவுனது நான்.